பெட்டி கட்டும் முன் ஒரு பேச்சு

ஆகஸ்ட் வந்துவிட்டது. ஆராதனை முடிவில், "காலேஜ் போகிற பிள்ளைகள் முன்னே வாங்க" என்று போதகர் ஐயா அழைத்து, தலையில் கை வைத்து ஜெபிப்பார். வெளியே வந்ததும் ஆன்ட்டிமார் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எல்லாம் வாங்கியாச்சா?"

வாங்கியாயிற்று. விடுதி மெத்தை பெரும்பாலும் 80 அங்குல நீளம் இருக்கும். வீட்டுச் சிறு கட்டிலின் விரிப்பு 75 அங்குலத்துக்குத்தான் வரும் என்பதால் புது விரிப்பு. ஊறுகாய், இட்லிப் பொடி, தமிழ் வேதாகமம். பல விடுதிகளில் அறைக்குள் அனுமதி இல்லாத ரைஸ் குக்கர். நாங்களும் இப்படித்தான் போனோம். அம்மா கொடுத்துவிட்ட பருப்புப் பொடி பல இரவுகளில் எங்களைக் காப்பாற்றியது. அதைக் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் கல்லூரிக்குப் போய்வந்த வாலிபர்களாக எங்கள் கருத்து இது: பெட்டி கட்டுவதற்கு முன் வீட்டில் ஒரு பேச்சு நடக்க வேண்டும். "அங்கே ஏதாவது தவறிப்போனால் என்ன செய்வோம்?" என்ற பேச்சு.

எங்களில் ஒரு அண்ணன் முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரியில் தோற்றார். தாங்க்ஸ்கிவிங்குக்கு வந்தபோது "நல்லா போகுது" என்றார். கிறிஸ்மஸுக்கும் அதையே சொன்னார். வீட்டுக்குத் தெரிந்தது மார்ச் மாதத்தில். அதற்குள் அவர் வகுப்புக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "அப்பா திட்டுவாங்கன்னு பயமில்ல. அம்மா அழுதுட்டு ஜெபக் குறிப்பா கொடுத்துடுவாங்க. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சபை முழுக்கத் தெரிஞ்சிடும்" என்றார். எங்களில் யாருக்கும் அந்தப் பதில் ஆச்சரியமாக இல்லை.

ஏதாவது நடந்தால் கல்லூரியே சொல்லிவிடும் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். இந்த நாட்டில் அப்படியில்லை. 1974-இல் வந்த சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்ததும் படிப்புப் பதிவுகளின் மேலுள்ள உரிமை மாணவருக்குப் போய்விடுகிறது. கட்டணம் கட்டுவது நீங்களாக இருந்தாலும், மாணவர் எழுதிக் கொடுத்தாலொழிய மதிப்பெண்ணைக் காட்டப் பொதுவாக மறுப்பார்கள். 18 வயதானால் மருத்துவர்களும் அப்படித்தான். 26 வயது வரை பிள்ளை உங்கள் காப்பீட்டில் இருக்கலாம். உடல்நிலையைப் பற்றிய தகவல் உங்களுக்குத் தானாக வராது. பிள்ளை சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும்.

ஆகவே பெற்றோரே, இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "எந்த நேரமானாலும் கூப்பிடு. முதல்ல நீ சொல்றதைக் கேட்போம். உன்கிட்ட கேட்காம யார்கிட்டயும் சொல்ல மாட்டோம், ஜெபக் குறிப்பாகக்கூட." ஜெபம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பெயரையும் விவரத்தையும் சொல்லாமலும் ஆண்டவரிடம் மன்றாடலாம், அவருக்கு எல்லாம் தெரியும்.

தம்பி தங்கைகளே, சட்டம் தந்த உரிமை பொய் சொல்வதற்காக அல்ல. அவசர நேரத்தில் உங்களுக்காக மருத்துவரிடம் பேசும் அதிகாரத்தை அப்பாவுக்கோ அம்மாவுக்கோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கல்லூரியின் ஆலோசனை மையம் எங்கே இருக்கிறது என்று முதல் வாரமே பார்த்து வையுங்கள். மனம் உடைந்து உயிரை வெறுக்கும் நிலை வந்தால் 988 என்ற எண்ணை அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அது விசுவாசக் குறைவல்ல.

சபையாரிடமும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் ஜிபிஏ எவ்வளவு என்று கேட்காதீர்கள். "எப்படி இருக்கே?" என்று கேட்டு, பதில் வரும்வரை நில்லுங்கள்.

அன்னாள் சாமுவேலைச் சீலோவில் விட்டுவந்ததை ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டு வருகிறோம். ஏலியின் பிள்ளைகள் கெட்ட வழியில் நடந்த இடம் அது. அங்கேதான் விட்டுப்போனாள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். பிள்ளை வளர்ந்திருப்பான், போன வருஷத்து அளவு இந்த வருஷம் உதவாது என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விடுதி வாசலில் கார் கிளம்பும் நேரத்தில் இதையெல்லாம் பேச முடியாது. எல்லாருக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். இந்த வாரமே, இராச்சாப்பாடு முடிந்து குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போது, பேசிவிடுங்கள்.