மேன்ஹோலைத் திறக்குமுன்

மதிப்பிற்குரிய கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

அந்தமானின் ஹேடோ வார்ஃபில் சென்னையிலிருந்து பயணிகள் கப்பல் வந்து கட்டும்போது எல்லோர் கண்ணும் கேங்வேயில்தான் இருக்கும். அதே நேரம் கீழே யாரோ ஒருவர், கப்பலைச் சமநிலையில் வைக்கும் நீர்த்தொட்டியான பேலஸ்ட் டேங்கின் மேன்ஹோலைத் திறந்துகொண்டிருக்கலாம். அவருக்காகத்தான் இந்த மடல்.

மூடிக்கிடக்கும் டேங்கில் துரு ஆக்சிஜனைத் தின்றுவிடும். வெளிக்காற்றில் 20.9 சதவீத ஆக்சிஜன் காட்டும் கேஸ் மீட்டர் உள்ளே எவ்வளவு குறைத்துக் காட்டினாலும் நாற்றமோ மூச்சுமுட்டலோ தெரியாது. மிகவும் குறைந்துவிட்டால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். மேலே நிற்கும் கூட்டாளி பதறிப்போய்ப் பின்னாலேயே இறங்குவார், அவரும் திரும்புவதில்லை. உலகெங்கும் இதே கதைதான். "கவனக்குறைவு" என்று எழுதிக் கோப்பை மூடுவது சுலபம். செத்தவர் எழுந்துவந்து மறுக்கவா போகிறார்?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2015-ல் இந்தியா ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, ஆபத்தை முன்கூட்டியே கணித்துத் தடுப்பது கப்பல் உரிமையாளரின் பொறுப்பு. ஐந்து பேர் வேலை பார்த்தாலே கப்பலில் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் மாலுமிகளின் பிரதிநிதியும் வேண்டும். இது உள்நாட்டுக் கப்பலுக்கும் பொருந்தும். ஆனால் அந்த உடன்படிக்கைக்கான இணக்கச் சான்றிதழ் கட்டாயம் என்பது 500 மொத்த டன்னோ அதற்கு மேலோ உள்ள, வெளிநாடு போய்வரும் கப்பல்களுக்குத்தான். இரண்டு மாதத்துக்கொரு முறை டேங்கில் இறங்கி மீட்கும் ஒத்திகை, கப்பலிலேயே கேஸ் மீட்டர் என்ற சோலாஸ் எனும் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் விதிகளும் சர்வதேசப் பயணத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. சென்னைக்கும் ஹேடோவுக்கும் நடுவே 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல். காகிதத்தில் அது உள்நாட்டுப் பயணம். டேங்கின் துருவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இங்கேயே உங்கள் துறையின் சர்வேயர்கள் இருக்கிறார்கள். ஃபைலைப் புரட்டுவதோடு நிற்காமல் மீட்டரைக் கையில் வாங்கி ஆன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதைக் கடைசியாக எப்போது கேலிபரேட் செய்தார்கள் என்று கேட்கட்டும். மாலுமிகளை மேற்பார்க்கும் போசனைத் தனியே அழைத்து, போன ஒத்திகையில் யார் யார் இருந்தார்கள் என்றும் விசாரிக்கட்டும். டேங்கின் காற்றைச் சோதிக்காமலே இறங்கும் பெர்மிட்டுகளில் முன்கூட்டியே மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால் கப்பலை நிறுத்துங்கள். பயணிகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் அந்தக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்காதோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்பவருக்கு அது போய்ச் சேர வேண்டாமா? புகார் எண்ணைத் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் அச்சடித்து ஒவ்வொரு மெஸ் ரூமிலும் ஒட்ட உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
ஹேடோவாசி ஒருவர்