தீர்ப்பிடாத அன்பு யாருக்குத் துணை?

தமிழ்நாட்டுத் திருச்சபைகளின் பிரசங்க மேடைகளிலும், தவக்காலத் தியானங்களிலும், கிறிஸ்தவ வீடுகளில் தொங்கும் நாட்காட்டிகளிலும் ஒரு முழக்கம் பல்லாண்டுகளாக மாறாமல் ஒலித்து வருகிறது: சமயம் அன்பு செய்வதற்கே உரியது, தீர்ப்பிடுவதற்கு அன்று. 2013 ஜூலையில் ரியோ டி ஜெனிரோவிலிருந்து ரோம் திரும்பிய விமானத்தில், தன்பாலின ஈர்ப்புடைய குருக்களைப் பற்றிச் செய்தியாளர்கள் கேட்டபோது, தீர்ப்பிடத் தாம் யார் என்று திருத்தந்தை பிரான்சிஸ் திருப்பிக் கேட்ட பின்னர், அம்முழக்கத்துக்கு உலகளாவிய மதிப்பும் வந்து சேர்ந்தது. தீர்ப்பிடுவோரே வெளிவேடக்காரர் என்றும், அன்பு செய்வோர் குற்றம் காணமாட்டார் என்றும், மனிதரைத் திருத்துவது அரவணைப்பு மட்டுமே என்றும் அது விரித்துரைக்கப்படுகிறது. கேட்பதற்கு இனிமையான இவ்வுரை பெரும்பாலும் எந்த வேளையில் எடுத்தாளப்படுகிறது என்பதைக் கவனித்தால், அதன் இயல்பு விளங்கும். பங்கு நிதியில் கணக்குக் கேட்கப்படும்போதும், தேர்த் திருவிழாவில் ஒரு தெரு விலக்கப்பட்டதை இளைஞர்கள் கேள்வி கேட்கும்போதும், குரு ஒருவர்மேல் புகார் எழும்போதும்தான் அன்பைப் பற்றிய இப்போதனை உரத்து எழுகிறது. பலவீனர் ஒருவர் தவறு செய்து பிடிபடும்போது அது பெரும்பாலும் மறந்துபோகிறது.

முழக்கத்தின் முதல் ஊன்றுகோல் மத்தேயு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம். தீர்ப்பிட வேண்டாம் என்று அங்கே இயேசு சொன்னது உண்மை. அச்சொல்லோடு படிப்பை நிறுத்திக்கொள்பவர்கள், அதே பேச்சில் சில வரிகள் தள்ளி, தன் கண்ணிலுள்ள உத்திரத்தை முதலில் அகற்றிவிட்டுப் பின்னர் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கத் தெளிவாய்ப் பார்க்கும்படி அவர் பணித்ததை விட்டுவிடுகிறார்கள். துரும்பு கண்ணிலேயே கிடக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. எடுப்பவன் முதலில் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற வரிசையைத்தான் வகுத்தார். அதே அதிகாரம் கள்ளத் தீர்க்கதரிசிகளை அவர்கள் தரும் கனியால் இனங்காணச் சொல்கிறது. தீர்ப்பிடும் அறிவை முற்றாகக் கைவிட்டவரால் அதைச் செய்ய இயலாது. 23ஆம் அதிகாரமோ, யூதச் சமயச் சட்டத்தை நுணுகிக் கடைப்பிடித்த பரிசேயர் என்ற குழுவினர் மீதும் சட்ட அறிஞர்களான வேதபாரகர் மீதும் பொதுமக்கள் முன்னிலையில் அவர் சுமத்திய அடுக்கடுக்கான கண்டனமாகவே அமைந்திருக்கிறது. அன்பின் ஆசிரியர் என்று போற்றப்படுபவர் வாழ்நாளில் பேசிய மிகக் கடுமையான பேச்சு அதுதான்.

யோவான் நற்செய்தியில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறியவிடாமல் காத்த நிகழ்ச்சியும் இம்முழக்கத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் அந்நிகழ்ச்சியில் கல்லேந்தியவர்களின் மனச்சாட்சி தீர்ப்புக்குள்ளாகிறது, பெண்ணும் இனிப் பாவம் செய்யாதே என்ற சொல்லோடுதான் அனுப்பப்படுகிறாள். தீர்ப்பு கடவுளுக்கே உரியது என்ற வாதமோ, தம் பள்ளிகளில் மாணவரை நீக்குவதையும் சபை விலக்கம் செய்வதையும் அதே கடவுளின் பெயரால் நடத்துபவர்களிடமிருந்து வருவதால் நீண்ட மறுமொழிக்குத் தகுதியுடையதன்று.

அன்பும் கண்டிப்பும் எதிரெதிர் என்ற எண்ணத்தைப் பழைய ஏற்பாடே ஏற்கவில்லை. பிறனைத் தன்னைப்போல் நேசிக்க வேண்டும் என்ற கட்டளை லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு நேர்முந்தைய வசனம், மனத்துக்குள் பகை வளர்க்காமல் பிறனை வெளிப்படையாகக் கடிந்துகொள்ளும்படி ஆணையிடுகிறது. கடிந்துரைக்காதவன் உள்ளுக்குள் வெறுப்பைச் சேர்த்துக்கொள்வான் என்ற மனித இயல்பைப் பற்றிய கூர்மையான அறிவு அவ்வரிசையில் அடங்கியிருக்கிறது. திருக்குறளும் இதே நிலத்தில்தான் நிற்கிறது. அன்புடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த அதே அறத்துப்பாலில், துறவுக்கோலம் பூண்டு மறைவில் தீயொழுக்கம் நடத்துவோரைத் தோலுரிக்கும் கூடாவொழுக்கம் என்ற அதிகாரமும் இருக்கிறது. நண்பன் எல்லை மீறும்போது முற்பட்டு இடித்துரைப்பதே நட்பு என்று நட்பதிகாரம் வரையறுக்கிறது. குறையைச் சுட்டுவது அன்பின்மை என்று வள்ளுவர் எண்ணியதற்கு ஒரு சான்றும் இல்லை.

தீர்ப்பிடும் பழக்கமே வெளிவேடத்தைப் பிறப்பிக்கிறது என்ற கூற்று இன்னும் சற்று விரிவான ஆய்வுக்குரியது, ஏனெனில் படித்தவர்கள் பலரும் அதை உளவியல் உண்மை என்று நம்பிவிட்டார்கள். அமெரிக்கச் சமூக உளவியலாளர் டேனியல் பாட்சன் 1990களில் நடத்திய சோதனைகளில், பங்கேற்பாளரிடம் இரண்டு பணிகள் தரப்பட்டன: ஒன்று பரிசுக்கு வாய்ப்புள்ளது, மற்றொன்று சலிப்பூட்டுவது, எதைத் தனக்கும் எதைக் கண்காணாத மற்றவருக்கும் ஒதுக்குவது என்பதை அவரே முடிவு செய்யலாம். நேர்மையாக நடக்க விரும்புவோர் நாணயம் சுண்டிப் பார்க்கலாம் என்றும் சொல்லப்பட்டது. நாணயம் சுண்டியவர்களில் மிகப்பெரும்பான்மையோர் நல்ல பணியைத் தமக்கே எடுத்துக்கொண்டார்கள். விழுந்த பக்கம் எதுவானாலும் முடிவு பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. நேர்மையின் தோற்றம் வேண்டும், அதற்கான விலை வேண்டாம் என்ற இந்த மனநிலைக்கு ஒழுக்கப் போலித்தனம் என்று அவர் பெயரிட்டார். ஆனால் அதே சோதனையில் பங்கேற்பாளர் எதிரில் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, தம் முகத்தைத் தாமே பார்க்கும்படி செய்தபோது, நாணயத்தின் முடிவை அவர்கள் மதித்தார்கள். ஒதுக்கீடு பாதிக்குப் பாதியாக நேரானது. போலித்தனத்தைக் குறைத்தது தன்னைத் தான் தீர்ப்பிட நேர்ந்த அந்த நொடிதான். எவரும் எவரையும் அரவணைத்ததால் விளைந்த மாற்றம் அன்று அது. தீர்ப்பை அகற்றினால் வெளிவேடம் மறையும் என்பவர்கள் கண்ணாடியை அகற்றச் சொல்கிறார்கள்.

அரவணைப்பு மட்டுமே மனிதரை மாற்றும் என்ற கூற்றுக்கு வரலாறு தரும் மறுப்பைத் தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. தமிழ்ப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்தின் முதல் நூற்றாண்டுகளே போதும். தரங்கம்பாடியில் 1706இல் தொடங்கிய டேனிய-ஹாலே மிஷன், மதம் மாறிய வேளாளர் மனம் புண்படாதிருக்க, கோயிலுக்குள் தனித்தனி இருக்கைகளைப் பொறுத்துக்கொண்டது. 1733இல் ஆரோன் என்ற வேளாளர் அம்மிஷனின் முதல் தமிழ்க் குருவாகப் பட்டம் பெற்றார். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக, அதாவது மறைபோதகராக, ஊழியம் செய்து பல சபைகளை உருவாக்கியவர் இராஜநாயக்கன். படைவீரராக இருந்து நற்செய்தி நூல்களைத் தாமே படித்து மனம் மாறியவர், உழைப்பிலும் அறிவிலும் எவருக்கும் குறையாதவர். அவருக்குக் குருப்பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் பறையர் சாதியில் பிறந்தவர் என்பதும், அவர் கையால் இராப்போசனம், அதாவது இயேசுவின் கடைசி விருந்தை நினைவுகூரும் அப்பமும் ரசமும், பெற உயர்சாதியார் இசையமாட்டார் என்பதுமே காரணம். மிஷனரிகள் எவரையும் வெறுத்துச் செய்த முடிவன்று இது. சபை கலையக் கூடாது, பலவீனமான விசுவாசிகள் இடறக் கூடாது என்ற பரிவில் எடுத்த முடிவு. ஆனால் பரிவு முழுவதும் வேளாளர் பக்கம் சாய்ந்தது, அதன் விலை முழுவதும் இராஜநாயக்கன் தலையில் விழுந்தது. தீர்ப்பிடாத அன்பு நடுநிலையாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று தேவையில்லை.

இந்தப் பொறுமை பழுத்து ஒற்றுமையாக விளைந்ததா என்பதைக் காண ஒரு நூற்றாண்டு அவகாசமும் கிடைத்தது. 1826இல் தஞ்சைக்கு வந்த கல்கத்தாப் பேராயர் ரெஜினால்டு ஹீபர், கிறிஸ்தவர்களிடையே உள்ள சாதி சமயம் சார்ந்ததா, வெறும் சமூக மரியாதைதானா என்று விசாரிக்கத் தொடங்கி, மென்மையாகவே அணுக விரும்பினார். அவ்வாண்டு ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியில் மறைந்தார். 1829இல் தஞ்சைப் புலவர் வேதநாயக சாஸ்திரியார், மிஷனரி சுவார்ட்சின் மாணவரும் சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்றவருமான பெருங்கவிஞர், சாதி வேறுபாட்டைக் களைய முற்பட்ட இளைய மிஷனரிகளைக் கண்டித்து எழுதினார். சபையாரைப் பலவந்தமாகக் கலப்பது கொடுமை என்பது அவர் நிலை. பக்தியிலும் தமிழிலும் அவர் உயரத்தை மறுப்பதற்கில்லை. ஆனாலும் நூறாண்டுக்கு மேல் அரவணைக்கப்பட்ட ஒரு சபையின் ஆகச் சிறந்த மனிதரே சமத்துவத்தைக் கொடுமை என்று அழைக்கும் நிலைக்குத்தான் அந்த அரவணைப்பு இட்டுச் சென்றது என்பது தெளிவாகப் பதிவு செய்யப்பட வேண்டியது.

1833இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு சபையில் உடனடியாகவும் முடிவாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றுமடல் எழுதினார். தஞ்சையிலும் திருச்சியிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். காலப்போக்கில் பலர் சாதியைப் பொறுத்துக்கொண்ட லுத்தரன் சபைக்குச் சென்றனர். அச்சபையை நடத்திய லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுசென்ற தமிழ்ப் பற்றாளர், நற்செய்தியின் செல்வாக்கால் சாதி தானாகத் தேய்ந்துவிடும், அவசரப்பட வேண்டாம் என்று வாதிட்டார். மறுபுறம் அமெரிக்கன் மதுரை மிஷன் 1847இல் தன் ஊழியர்களைச் சமபந்தியில் ஒன்றாக உண்ணச் சொல்லி, மறுத்தவர்களைப் பணியிலிருந்து நிறுத்தியது. இவற்றுள் எது அன்பு என்ற கேள்விக்கு விடை, பந்தியில் இதுவரை இடம் பெறாதவரின் பக்கம் நின்று பார்த்தால் உடனே கிடைக்கும். யூதரல்லாதாரின் திருத்தூதர் என்று போற்றப்படும் பவுலே, அந்தியோக்கியாவில் பேதுரு யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு உண்பதிலிருந்து நழுவி விலகியபோது, அதை வெளிவேடம் என்று பேதுருவின் முகத்துக்கு நேராக, சபையார் அனைவர் முன்னிலையிலும் கண்டித்ததைக் கலாத்தியர் நிருபத்தில் பதிவு செய்திருக்கிறார். தஞ்சையில் எழுந்த கேள்வியும் அதே கேள்விதான்: யாரோடு யார் உண்பது. அந்தியோக்கியாவில் எவரும் பவுலிடம் தீர்ப்பிடாதே என்று சொல்லித் தடுத்திருந்தால், யூதரல்லாதார் திருச்சபையின் திண்ணையிலேயே நின்றிருப்பார்கள்.

விமானத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட திருத்தந்தையின் வரலாறும் இம்முழக்கத்துக்கு எதிராகவே முடிகிறது. சிலி நாட்டில் ஆயர் ஹுவான் பாரோஸ், பாலியல் குற்றம் புரிந்த குரு ஒருவரை மறைத்துக் காத்தார் என்று பாதிக்கப்பட்டோர் சொன்னதை, 2018 ஜனவரியில் பிரான்சிஸ் அவதூறு என்று ஒதுக்கினார். பிறகு விசாரணைக்கு ஆளனுப்பி, அறிக்கையைப் படித்து, அதே ஆண்டு ஏப்ரலில் தாம் கடுமையாகத் தவறிவிட்டதாக ஏற்று, பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2019 மேயில் இத்தகைய புகார்களைக் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளுக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டத்தையும் வெளியிட்டார். அவர் செய்தவற்றுள் பாதிக்கப்பட்டோருக்குப் பயன்பட்டது, விசாரித்துத் தீர்ப்பிட்ட இந்தப் பகுதிதான்.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. திருநெல்வேலி வட்டாரத்து வடக்கன்குளத்தில், பலிபீடத்தில் மட்டும் சந்திக்கும் இரண்டு தனிக் கிளைகளாக 1872இல் ஒரு கத்தோலிக்கக் கோயில் எழுந்தது. வேளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம், இடையில் சுவர். எவர் மனமும் நோகாதபடி செய்யப்பட்ட ஏற்பாடு அது. 1910இல் பங்குக் குரு கௌசானல் அச்சுவரை அகற்றினார். பிரிவினையை மீட்கக் கோரி வேளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, கோயிலுக்குள் சாதியின் பெயரால் தனியிடம் கேட்க எவருக்கும் உரிமையில்லை என்ற முடிவோடு தோற்றது. அன்பைப் பற்றி ஒரு வரியும் எழுதாத அத்தீர்ப்பின் பயனாக, அக்கோயிலின் இரு பக்கத்தாரும் ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் பார்த்து வழிபட நேர்ந்தது. திருச்சிராப்பள்ளி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்திலும், தலித் கிறிஸ்தவர் புதைக்கப்படும் பகுதியைப் பிரித்துச் சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. அதை இடிக்க வேண்டும் என்று கேட்டுப் பலமுறை போராட்டங்கள் நடந்துள்ளன. கேட்டவர்கள் எதிர்பார்த்தது, அந்தச் சுவர் தவறு என்று ஆயர் ஒருவர் வாய்திறந்து சொல்லி, அதை இடிக்கும் ஆளையும் அனுப்புவதையே.