பல் கூச்சமும் சந்தையின் கூச்சமின்மையும்

தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒருவர் ஐஸ்கிரீமைக் கடிக்கிறார். வலியில் முகம் சுளிக்கிறார். வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் தோன்றி ஒரு பற்பசையைப் பரிந்துரைக்கிறார், வலி பறந்துவிடுகிறது. இப்படிப்பட்ட விளம்பரங்களின் லட்சணம் 2022 மார்ச்சில் அம்பலமானது. சென்சோடைன் விளம்பரங்கள் மக்களைத் தவறாக வழிநடத்துகின்றன என்று கூறி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பன்னாட்டு நிறுவனத்திற்கு அது சில்லறைக் காசு. ஆனால் பொய் விளம்பரத்தைவிடப் பெரிய மோசடி ஒன்று உண்டு. சமூகக் காரணங்களால் விளையும் நோயை, அவரவர் கடையில் வாங்கித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சொந்த விவகாரமாக மாற்றியதே அது.

யாருடைய பல் தேய்கிறது?

பல்லின் மேலுறையான எனாமல் தேய்ந்தாலோ, ஈறு இறங்கி வேர் வெளிப்பட்டாலோ, உள்ளடுக்கான டென்டின் பாதுகாப்பை இழக்கிறது. அதன் நுண்குழாய்கள் வழியே குளிரும் சூடும் புளிப்பும் நரம்பை எட்டுகின்றன. பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசை அந்த உணர்வைச் சில வாரங்களில் மட்டுப்படுத்தும். ஆனால் அது சொத்தையை அடைக்காது. ஈறு நோயைக் குணப்படுத்தாது.

பற்பசைக்கு வழியில்லாதவர்கள் கரியையும் செங்கல் தூளையும் வைத்துப் பல் துலக்குகிறார்கள். மகாராஷ்டிரத்தில் 'மிஸ்ரி', வட மாநிலங்களில் 'குல்' என்ற பெயர்களில் புகையிலைத் தூள் ஈறுகளில் தேய்க்கப்படுகிறது. பேட்டரி ஆலைகளிலும் முலாம் பூசும் பட்டறைகளிலும் அமில ஆவி தொழிலாளியின் முன்பற்களை அரிக்கிறது. தெலங்கானாவின் நல்கொண்டாவில் நிலத்தடி நீரில் மிகுந்திருந்த ஃபுளூரைடு தலைமுறை தலைமுறையாகப் பற்களையும் எலும்புகளையும் சிதைத்தது. இவற்றுக்கெல்லாம் விளம்பரப் பற்பசையா தீர்வு?

வரி வாங்கிய அரசு

ஃபுளூரைடு பற்பசையை உலக சுகாதார அமைப்பு 2021இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஒன்றிய பாஜக அரசோ 2017 ஜூலை முதல் 2025 செப்டம்பர் வரை பற்பசைக்கும் பிரஷ்ஷிற்கும் 18 சதவீத ஜிஎஸ்டி வசூலித்தது. பிறகு அதை 5 சதவீதமாகக் குறைத்துவிட்டு 'சேமிப்புத் திருவிழா' என்று கொண்டாடியது. எட்டாண்டுகள் ஏழைகளின் வாயிலிருந்து பறித்ததற்குக் கணக்கு எங்கே?

2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று முழங்குகிறது. அது மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோருக்கானது. சொத்தை அடைப்பதும், வேர் சிகிச்சையும், ஈறு சுத்தம் செய்வதும் புறநோயாளி சிகிச்சைகள். எனவே அவற்றிற்கான செலவு மக்களின் தலையில்தான் விழுகிறது. 2025க்குள் சுகாதாரத்திற்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் செலவிடப்படும் என்றது 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை. அந்த இலக்கும் எட்டப்படவில்லை.

பற்றாக்குறை எதில்?

நாட்டில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பெரும்பாலானவை தனியாருக்குச் சொந்தமானவை. லட்சக்கணக்கில் கட்டணம் செலுத்திப் படித்து வெளிவரும் இளைஞர்கள், கடனை அடைக்க நகரத்தில் கிளினிக் தேடி அலைகிறார்கள். பலர் சொற்ப ஊதியத்திற்கு வேலை செய்கிறார்கள். ஒருபுறம் வேலையற்ற மருத்துவர். மறுபுறம் மருத்துவரைக் காணாத கிராமம். சந்தையின் 'திறமை' இதுதான்.

ஒவ்வொரு சமுதாய சுகாதார மையத்திலும் ஒரு பல் மருத்துவர் இருக்க வேண்டும் என்கிறது அரசின் சொந்தத் தரவரையறை. நலவாழ்வு மையங்களின் சேவைப் பட்டியலிலும் வாய் நலம் உண்டு. 2023இல் அந்த மையங்களுக்கு 'ஆரோக்கிய மந்திர்' என்று பெயர் மாற்றுவதில் காட்டிய வேகத்தைப் பணியிடங்களை உருவாக்குவதில் காட்டவில்லை.

கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் முகாம்கள் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். முகாம் ஒரு நாளில் முடிந்துவிடும். வேர் சிகிச்சைக்கோ நோயாளி பலமுறை வர வேண்டும். ஆகவே முகாமில் பல்லைப் பிடுங்குவதே எளிதாகிறது. பணம் உள்ளவரின் பல் காப்பாற்றப்படுகிறது. ஏழையின் பல் பிடுங்கப்படுகிறது. வாய்க்குள்ளும் வர்க்கப் பிரிவினை இருக்கிறது.

மாற்று உண்டு

பிரேசிலில் லூலா அரசு 2004இல் 'புன்னகைக்கும் பிரேசில்' திட்டத்தைத் தொடங்கிப் பல் சிகிச்சையைப் பொது சுகாதார அமைப்பிற்குள் கொண்டுவந்தது. 2023இல் அது சட்டமாகவும் ஆக்கப்பட்டது. வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள முதியோருக்கு இலவசமாகப் பல்செட் வழங்குகிறது கேரளத்தின் 'மந்தஹாசம்' திட்டம். அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இவையே சாட்சி.

ஒவ்வொரு சமுதாய சுகாதார மையத்திலும் நிரந்தரப் பல் மருத்துவர், நாற்காலி, எக்ஸ்ரே, தட்டுப்பாடற்ற மருந்துகள். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இலவசப் பற்பசை, ஆண்டுப் பரிசோதனை. அமில ஆவி சூழ்ந்த ஆலைகளில் நிர்வாகத்தின் செலவில் பாதுகாப்பும் சிகிச்சையும். ஃபுளூரைடு பாதித்த பகுதிகளுக்குப் பாதுகாப்பான குடிநீர். இக்கோரிக்கைகளைக் கிளைகள் தொடங்கி தொழிற்சங்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம், மாதர், வாலிபர் அமைப்புகள் வரை கையிலெடுக்க வேண்டும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தது போதும். பல் சிகிச்சை சலுகையல்ல, உரிமை.