பாபெட்டின் விருந்து: பத்தாயிரம் பிராங்க் வீணா?

'பாபெட்ஸ் ஃபீஸ்ட்' (1987) படம் பற்றிப் பேச்சு வந்தாலே, "அடேயப்பா, என்ன சாப்பாடு!" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அடைக்கலம் கொடுத்தவர்களுக்கு நன்றிக்கடன் தீர்த்த சமையல்காரியின் கதை என்று முடிப்பார்கள். இரண்டும் பாதி உண்மைதான்.

காரன் பிளிக்சன் எழுதிய மூலக்கதை நடப்பது நார்வேயின் வடகோடியில், பெர்லெவாக் என்ற ஊரில். டைரக்டர் காப்ரியேல் ஆக்செல் அதை டென்மார்க்கின் ஜட்லாந்து கடற்கரைக்கு மாற்றினார். சாம்பல் வானம், ஓயாத காற்று, சில வீடுகள், வயதான ஒரு பக்திக் கூட்டம். அதைக் கட்டிக்காப்பவர்கள் இறந்துபோன பாதிரியாரின் இரண்டு மகள்கள்.

1871-ல் பாரீஸ் கம்யூன் ஒடுக்கப்பட்டபோது கணவனையும் மகனையும் இழந்த பாபெட் அங்கே வந்து சேர்கிறாள். சம்பளமே வாங்காமல் 14 வருடம் கருவாடும் ரொட்டிக் கஞ்சியும் சமைக்கிறாள். பிறகு லாட்டரியில் 10,000 பிராங்க் விழுகிறது. மொத்தத்தையும் 12 பேர் சாப்பிடும் ஒரே விருந்தில் கரைத்துவிடுகிறாள்! ஆமை சூப், காடை, பழைய ஒயின்...

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெரியவர்கள் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முன்பே சபதம் செய்திருக்கிறார்கள். ருசி பாவமாயிற்றே! அடையாளம் கண்டுகொள்பவர் ஒரே ஒருவர், பாரீஸில் சாப்பிட்டுப் பழகிய ஜெனரல்.

அப்படியானால் இது யாருக்காக? நன்றிக்கு மட்டும் என்றால் இவ்வளவு தேவையில்லை. அவர்களுக்காக மட்டும் செய்யவில்லை என்று பாபெட்டே சொல்லிவிடுகிறாள். அவள் ஒரு காலத்தில் பாரீஸின் 'கஃபே ஆங்லே' உணவகத்தின் தலைமைச் சமையல்காரி. தன் திறமை முழுவதையும் ஒருமுறையாவது வெளியே கொட்ட வேண்டிய தவிப்பு அது.

இதற்கு நேர் எதிரே இளைய மகள் ஃபிலிப்பா. ஆபரா மேடைக்குத் தகுந்த குரல் இருந்தும், கற்றுக்கொடுக்க வந்த பாரீஸ் பாடகரைத் திருப்பி அனுப்பியவள். படம் அவளைக் குறை சொல்வதில்லை. ஆனால் பாபெட் என்ன இழந்தாள், எதை இழக்கவில்லை என்பது அவளுக்குத்தான் முதலில் புரிகிறது.

சரி, பணம் வீணா? இல்லை. வருஷக்கணக்கான சண்டைகளோடு சாப்பிட உட்கார்ந்தவர்கள், எழுந்திருக்கும்போது சமாதானமாகியிருக்கிறார்கள். தட்டில் இருந்தது என்னவென்று தெரியாமலே வெளியே கிணற்றைச் சுற்றிக் கைகோத்துப் பாடுகிறார்கள். பாராட்டு கிடைக்கவில்லை, ஆனால் கலை தன் வேலையைச் செய்துவிட்டது.

சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் டென்மார்க் படம் இது. யாரும் கவனிக்காத இடத்தில் எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் அவசியம் பாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பது நல்லது!