புது அறையின் தளம்

பாகாயத்தில் நம் பழைய வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டி, மேலே கான்கிரீட் தளமும் போட்டோம். கொத்தனார் பூசிய சிமெண்டு வழவழவென்றிருந்தது, நமக்கும் பெருமைதான். ஐப்பசி மழை முதல் இரவிலேயே அப்பெருமையைக் கரைத்துவிட்டது. மேஜைமேல் வைத்திருந்த பரீட்சை விடைத்தாள்களில் பத்துப் பிள்ளைகளின் மை ஒன்றாய்க் கலந்து போயிற்று.

ஜலம் தளத்தின் நடுவே இறங்கவில்லை. பழைய சுவரும் புதுத் தளமும் சந்திக்கும் இடத்தில் இறங்கிற்று. பழைய சுவர் என்றோ அமர்ந்து ஓய்ந்துவிட்டது. புதியது இன்னும் அமர்ந்துகொண்டிருக்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. விறைத்த சிமெண்டுப் பூச்சு வெடிக்காமல் என்ன செய்யும்?

மெட்ராஸ் டெரஸ் போட்ட நம் முன்னோர், செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடித் தொட்டிகளில் தோலைப் பதப்படுத்திய கடுக்காயேதான்! சுண்ணாம்பு சற்றே நெகிழ்ந்து கொடுக்கும்.

தை மாதத்தில் அவ்வண்ணமே செய்தோம். பத்தடிக்கு 2 அங்குலம் வாட்டம் விட்டோம். சந்திப்பில் தார் மெழுகு அடைத்து, சுவரில் அரையடி உயரே காடி வெட்டி, பூச்சை வளைவாக ஏற்றி அதனுள் செருகினோம். அடுத்த ஐப்பசியில் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

அந்தப் பத்துப் பிள்ளைகளுக்கு மறு பரீட்சை வைத்தோம். அதை அவர்கள் இன்னும் மன்னிக்கவில்லை.