1997-லயே ஆர்.ஈ.எம். செத்துப்போச்சா? ஒரு டாக்டரோட பதில்

1/ ஆர்.ஈ.எம். ரசிகர்கள்கிட்ட பேச்சு கொடுத்துப் பாருங்க. பத்து நிமிஷத்துல யாராவது ஒருத்தர் சொல்லுவார்: "பில் பெர்ரி போனப்பவே கடையைச் சாத்தியிருக்கணும். அதுக்கப்புறம் வந்த அஞ்சு ஆல்பமும் வேஸ்ட்." ரொம்ப வருஷமா பொறுமையா கேட்டாச்சு. இன்னைக்கு பதில் சொல்லிடறேன். நீளமான இழை, நிதானமா படிங்க.

2/ தெரியாதவங்களுக்கு: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துல ஏதென்ஸ்னு ஒரு காலேஜ் ஊர். அங்க 1980-ல ஆரம்பிச்ச ராக் இசைக்குழு இது. பாட்டு மைக்கேல் ஸ்டைப், கிட்டார் பீட்டர் பக், பேஸ் கிட்டார் மைக் மில்ஸ், டிரம்ஸ் பில் பெர்ரி. மாண்டலினோட வர்ற "லூசிங் மை ரிலிஜன்" கேட்டிருப்பீங்களே, அவங்கதான்.

3/ 1995 மார்ச் 1, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரம். "மான்ஸ்டர்" ஆல்பத்துக்கான உலகச் சுற்றுப்பயணம். வாசிச்சுட்டு இருந்த பெர்ரி மேடையிலேயே சரிஞ்சார். மூளை ரத்தக்குழாய்ல இருந்த அனியூரிசம் வெடிச்சிருந்தது.

4/ ரத்தக்குழாய்ச் சுவர் ஒரு இடத்துல பலவீனமாகி பலூன் மாதிரி உப்பறதுதான் அனியூரிசம். அது வெடிச்சா மூளையைச் சுத்தி ரத்தம் கசியும். ஆஸ்பத்திரி வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே இறந்துடறவங்க உண்டு. பிழைச்சவங்கள்லயும் பலருக்கு மாசக்கணக்குல சோர்வு, கவனக்குறைவு, மறதி. பெர்ரிக்கு மண்டையோட்டைத் திறந்து ஆபரேஷன் பண்ணாங்க. மே மாசமே திரும்பவும் டிரம்ஸ் முன்னாடி உட்கார்ந்துட்டார்.

5/ அதோட முடியலை. அதே டூர்ல ஜூலையில மில்ஸுக்கு வயித்துல ஆபரேஷன், ஆகஸ்ட்ல ஸ்டைப்புக்கு குடலிறக்க ஆபரேஷன். நாலு பேர்ல மூணு பேர் ஆபரேஷன் டேபிள்ல படுத்து எழுந்த டூர் அது. அதுக்கு நடுவுலதான் "நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹை-ஃபை" ஆல்பத்தோட பெரும்பகுதியைப் பதிவு பண்ணாங்க.

6/ 1997 அக்டோபர்ல பெர்ரி விலகினார். உடனே ரசிகர்கள் எல்லாரும் நியூராலஜிஸ்ட் ஆயிட்டாங்க: "மூளை ஆபரேஷன்தான் காரணம்." பெர்ரி சொன்னது வேற. பழைய ஆர்வம் போயிடுச்சு, இனிமே பாப் ஸ்டாரா இருக்க வேண்டாம்னு தோணுதுன்னார். ஒண்ணுக்கப்புறம் இன்னொண்ணு நடந்ததாலேயே முதலாவது காரணம் ஆயிடாது. நோயாளி வாயால சொல்றதைக் கேளுங்கன்னுதான் எங்களுக்கு முதல் வருஷத்துலயே சொல்லித் தர்றாங்க.

7/ இப்ப முக்கியமான விஷயம். விலகறதுக்கு பெர்ரி ஒரு நிபந்தனை வச்சார்: நான் போறதால குழு கலையும்னா நான் போகலை, இருந்துடறேன்னார். மத்த மூணு பேரும் தொடர்றோம்னு சொன்ன பிறகுதான் கிளம்பினார். "பெர்ரிக்கு மரியாதையா அன்னைக்கே கலைச்சிருக்கணும்"னு சொல்றவங்களே, நீங்க சொன்னபடி நடந்திருந்தா, வேண்டாம்னு நினைச்ச வேலையிலயே அந்த மனுஷன் மாட்டியிருப்பார். இது என்ன மரியாதைங்க?

8/ எதிர்த்தரப்புல நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். பெர்ரி வெறும் தாளக்காரர் இல்லை. "எவ்ரிபடி ஹர்ட்ஸ்" பாட்டை பெரும்பாலும் உருவாக்கினது அவர்தான். வேடிக்கை என்னன்னா, அதுல தாளம் போடறது டிரம் மெஷின். பாட்டுகளுக்கு நாலு பேர் பேரையும் சமமா போட்டவங்க இவங்க. அதுல ஒருத்தர் போனா இழப்பு நிஜம்தான்.

9/ அந்த இழப்பை அவங்க மறைக்கவும் இல்லை. 1998-ல வந்த "அப்" ஆல்பத்தைக் கேளுங்க. டிரம் மெஷின், கீபோர்டு, நிறைய இடைவெளி. கடைசி வரைக்கும் வெளி டிரம்மர்களைக் கூப்பிட்டு வாசிக்க வச்சாங்களே தவிர, பெர்ரி இடத்துல யாரையும் உறுப்பினரா சேர்க்கலை. மூணு கால் நாயும் நாய்தான், வேற மாதிரி ஓடக் கத்துக்கணும்ங்கற அர்த்தத்துல ஸ்டைப் அப்பவே சொன்னார். எங்க பிசியோதெரபிஸ்ட் தினமும் சொல்றதும் அதுதான்.

10/ 2004-ல வந்த "அரவுண்ட் த சன்" சோர்வான ஆல்பம். ஒத்துக்கறேன். பீட்டர் பக்குக்கே அது பிடிக்கலை. ஆனா பெர்ரி இல்லாததுதான் நோய்னா, 2008-ல "ஆக்செலரேட்" எப்படி அவ்வளவு வேகமா, 35 நிமிஷத்துக்குள்ள அடிச்சுத் தூக்குச்சு? அப்பவும் பெர்ரி இல்லையே! காரணம் அப்படியே இருக்கு, நோயைக் காணோம்னா உங்க டயக்னோசிஸ் தப்பு.

11/ இன்னொண்ணு. 1988-ல பெரிய கம்பெனியான வார்னர்ல சேர்ந்தப்பவே "போச்சு"ன்னவங்க உண்டு. 1991-ல உலகப் புகழ் வந்தப்பவும் "போச்சு"ன்னாங்க. ஒவ்வொரு தலைமுறை ரசிகரும் தன் இளமை முடிஞ்ச தேதியில குழுவுக்கு டெத் சர்டிஃபிகேட் எழுதறாங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி நாடி பார்க்கணும்ங்க.

12/ எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? மூளையில ரத்தக்கசிவு வந்து பிழைச்சவர் ஓபி-யில முன்னாடி உட்கார்ந்திருப்பார். கூட வந்தவங்க அவர் எதிர்லயே சொல்லுவாங்க: "முன்ன மாதிரி இல்ல டாக்டர்." அவர் தலையைக் குனிஞ்சுக்குவார். பிழைச்சு வந்தது, திரும்ப நடக்கக் கத்துக்கிட்டது எதுவும் கணக்குல வராது. பழைய ஆள் வேணும், அவ்வளவுதான். ரசிகர்கள் பண்றதும் இதேதான்.

13/ ஆர்.ஈ.எம். 2011 செப்டம்பர் 21-ல கலைஞ்சது. சண்டை இல்லை, கோர்ட் இல்லை. 2024 ஜூன்ல பாடலாசிரியர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் விழாவுல நாலு பேரும் ஒண்ணா நின்னு "லூசிங் மை ரிலிஜன்" வாசிச்சாங்க. லொசான்ல சரிஞ்சு விழுந்த பெர்ரியும் இருந்தார். வேண்டிய நேரத்துல வேலையை விட முடிஞ்ச ஒருத்தர், நண்பர்களோட நட்பும் போகாம அங்க நின்னார். இதையா தோல்விங்கறீங்க?

14/ "அப்" ஆல்பத்தை ஒரு தடவை முழுசா கேட்டுட்டு வந்து திட்டுங்க, வாங்கிக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க: வாழ்க்கையில இதுவரைக்கும் வராத அளவுக்கு திடீர்னு இடி விழுந்த மாதிரி தலைவலி வந்தா, மாத்திரை போட்டுட்டுப் படுக்காதீங்க. கூட வாந்தியோ கழுத்துப் பிடிப்போ மயக்கமோ இருக்கான்னு பார்த்துட்டு நிக்காதீங்க. உடனே சிடி ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போங்க.