தெருப் பெயர்ப் பலகையும் பொது ஆவணமே

ஜாதிப் பெயர்களைத் தாங்கிய தெருக்கள், சாலைகள், குடியிருப்புகள் ஆகியவற்றின் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணையைத் தமிழக அரசு 2025 அக்டோபரில் வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் அஞ்சல் துறை 'டிஜிபின்' என்னும் புதிய முகவரி முறையை அறிமுகப்படுத்தியது. நாட்டின் நிலப்பரப்பை ஏறத்தாழ 4 மீட்டர் நீள அகலமுள்ள சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் 10 இலக்கக் குறியீட்டை அது வழங்குகிறது. முன்னது பெயரை மாற்றச் சொல்கிறது. பின்னது பெயரே இல்லாத முகவரியைத் தருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே சுவரோரம் நிற்கும் பெயர்ப் பலகையைப் பற்றிய சிந்தனை மட்டும் எழவில்லை.

தெருவின் பெயரை எழுதி வைப்பது அரசின் கடமை என்ற கருத்து பழைமையானதன்று. பாரிஸ் நகரில் 1728-இல்தான் தெரு முனைகளில் பெயர் பொறித்த தகடுகளைப் பொருத்த ஆணையிடப்பட்டது. தகரம் நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டே, முனை வீடுகளில் பெயரைக் கல்லில் செதுக்க வேண்டும் என்ற விதி வந்தது. 1805-இல் நெப்போலியன் ஆட்சி வீடுகளுக்கு எண்ணிட்டபோது, ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை என்றும், சேன் நதிக்குக் குறுக்கான தெருக்களில் எண் வரிசை நதிப் பக்கமிருந்தே தொடங்க வேண்டும் என்றும் வரையறுத்தது. அத்தெருக்களில் எண்ணைப் பார்த்தே நதி எந்தத் திசையில் உள்ளது என அயலூரார் அறியலாம். 1844-இல் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்ற வடிவம் நிலைபெற்றது. இன்றும் அந்நகரின் அடையாளம் அதுவே.

அந்த வடிவத்தின் பின்னே பொருளாதாரக் கணக்கு ஒன்று உண்டு. எனாமல் என்பது சாயமன்று. கண்ணாடித் துகளை இரும்புத் தகட்டின் மீது சுமார் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி ஒட்டவைப்பது. வெயிலில் வெளிறாது, மழையில் கரையாது. கீறலோ ஆணித் துளையோ இரும்பைத் தொட்டால்தான் துரு ஏறும். முதலில் செலவு அதிகம். பல பத்தாண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுச் செலவு சொற்பம். குறைந்த விலைக்கு ஒப்பந்தப்புள்ளி கோருபவருக்கே பணி என்ற நம் நடைமுறையோ பலகையின் விலையைப் பார்க்கிறது. அதன் ஆயுளைப் பார்ப்பதில்லை. மலிவாக வாங்கி, அடிக்கடி மாற்றி, கூடுதலாகச் செலவிடுகிறோம்.

தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியின் பழைய பகுதியில் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்து பொறிக்கப்பட்ட நீலப் பலகைகளை இன்றும் காணலாம். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி விலகியது, பலகைகள் விலக்கப்படவில்லை. ஆட்சி போனதற்காக வரலாற்றை அழிக்க வேண்டியதில்லை என்று அந்நகரம் கருதியது. இன்று அதன் சுற்றுலா வருவாய்க்கு உதவும் அடையாளங்களுள் அப்பலகைகளும் உண்டு.

ஆயினும், எல்லாப் பெயர்களும் காக்கத்தக்கவை அல்ல. பிரெஞ்சுப் புரட்சியின்போது தெருப் பெயர்களின் முன்னிருந்த 'புனித' என்ற சொல்லைக் கல்லிலிருந்தே கொத்தி அகற்றினர். அந்த வடுக்கள் சில சுவர்களில் இன்றும் உள்ளன. ஒரு சமூகத்தாரை ஊரிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர், அங்கே வசிப்பவர் முகவரி எழுதும்போதெல்லாம் அவரைத் தலைகுனியச் செய்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞருக்கு அது பொருளாதார இழப்பாகவும் முடியக்கூடும். அத்தகைய பெயர்கள் அகலத்தான் வேண்டும்.

ஆனால், தனிமனிதர் ஒருவரின் பெயரின் வாலை மட்டும் நறுக்குவது வேறு செயல். 1970-களின் இறுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் நடந்த மாற்றத்தின் விளைவாகச் சென்னை ஜி.என். செட்டி சாலை, பலகையில் ஜி.என். சாலை ஆயிற்று. எஞ்சிய இரண்டு எழுத்துகள் யாரைக் குறிக்கின்றன என்று பலகை சொல்லவில்லை. மக்கள் நாவிலிருந்து பழைய பெயர் நீங்கவுமில்லை. நோக்கமும் முழுமையாக நிறைவேறவில்லை, நினைவும் மங்கியது.

இதனுடன் பழைய எண், புதிய எண் என்ற குழப்பமும், பலகைகளை மூடும் சுவரொட்டிகளும் சேர்ந்துகொள்கின்றன. இதற்கான விலையை விநியோக ஊழியர் நேரத்தாலும், அவசர ஊர்தியில் இருக்கும் நோயாளி உயிராலும் செலுத்த நேரிடுகிறது. டிஜிபின் இதற்கு ஓரளவு உதவலாம். எனினும், பத்து இலக்கக் குறியீட்டை நினைவில் வைத்து வழி சொல்ல முதியவராலோ சிறுவராலோ இயலாது. கைப்பேசி அணைந்த இரவிலும் பேசுவது பலகை மட்டுமே.

எனவே மூன்று செயல்கள் அவசியம். முதலாவது, பெயர் மாற்றத்துக்கு முன்பாக, எஞ்சியுள்ள பழைய கல், எனாமல் பலகைகளை உள்ளாட்சி அமைப்புகள் படத்துடன் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது, நபர்களின் பெயர் கொண்ட தெருக்களில் அவர் யார், எக்காலத்தவர் என்பதைப் பாரிஸில் செய்வதுபோல் ஒரே வரியில் குறிக்க வேண்டும். இழிவு கற்பிக்காத பழைய பெயரை மாற்றினால், அதைச் சில ஆண்டுகளுக்கேனும் கீழே சிறிய எழுத்தில் தர வேண்டும். மூன்றாவது, எழுத்தின் அளவு, நிற வேறுபாடு, உயரம், ஆயுள் ஆகியவற்றை ஒப்பந்த நிபந்தனைகளாக்க வேண்டும்.

அரசு பல்லாயிரம் ஆவணங்களை அலுவலகங்களில் பூட்டி வைக்கிறது. விண்ணப்பமோ கட்டணமோ இன்றி எல்லோரும் படிக்கும்படி அது வெளியிடும் ஆவணம் தெருப் பெயர்ப் பலகை. அதில் பிழையும் மறதியும் நிலைத்திருக்க நாம் அனுமதிக்கக் கூடாது.